பட்டா யார் பெயரில்?

கேள்வி: ஜாஸ் பற்றி அவ்வப்போது எழுதுகிறீர்கள். 1917 முதல் இன்றுவரை வந்த முக்கியமான ஜாஸ் பதிவுகளைக் காலவரிசைப்படி கேட்டு முடித்துவிட ஆசை. எந்தப் பாணிக்குப் பிறகு எது என்று ஒரு பட்டியல் தர முடியுமா? (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பட்டியல் தர மாட்டேன். போன தடவை கொடுத்த பட்டியலுக்கு வந்த வசவுக் கடிதங்களே இன்னும் மேஜையில் கிடக்கின்றன. தவிர, 'கேட்டு முடித்துவிட' என்கிறீர்கள். இது என்ன வீட்டுக் கடனா? சரி, அது போகட்டும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்த சொல் 'பதிவு'.

ஒரு மாதமாக இந்தச் சொல்லோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா விட்டுப்போன நாலரை சென்ட் இடம். ஊர் பேர் வேண்டாம், ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்று நாள் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சைத் தேய்த்தேன். தாய்ப்பத்திரத்தில் தாத்தாவின் இனிஷியல் ஒன்று, வில்லங்கச் சான்றிதழில் வேறொன்று. ஐம்பது வருஷமாக அங்கே முருங்கை நட்டு, முள்வேலி கட்டி, வரி கட்டியது யார் என்று தெருநாய்க்குக்கூடத் தெரியும். ஆவண எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்: "நெலம் நெலத்துல இருக்கும் சார், பதிவு பதிவுல இருக்கும். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க." அந்தப் பெஞ்சில் வைத்துத்தான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். ஆகவே பலனை அனுபவியுங்கள்.

நீங்கள் தொடக்கமாகச் சொல்லும் 1917-ஐயே எடுப்போம். பதிவு நாள் பிப்ரவரி 26. இடம், நியூயார்க், விக்டர் கம்பெனி. எழுதிக்கொடுத்தவர்கள், ஒரிஜினல் டிக்ஸிலாண்ட் ஜாஸ் பேண்ட் என்ற பெயரில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஐந்து வெள்ளைக்காரர்கள். சொத்து விவரம், 'லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்'. கிளாரினெட்டில் சேவல் கூவும், கார்னெட்டில் (டிரம்பெட்டின் குட்டித் தம்பி) குதிரை கனைக்கும், டிராம்போனில் மாடு கத்தும். நியூ ஆர்லியன்ஸில் கறுப்பர்கள் வருஷக்கணக்காக உழுது பயிர் வைத்த நிலத்துக்கு இதுதான் முதல் பத்திரம்! அந்தக் குழுவின் தலைவர் நிக் லரோக்கா பிற்காலத்தில், ஜாஸை உண்டாக்கியதே நாங்கள்தான், கறுப்பர்களுக்கு அதில் பங்கே கிடையாது என்று சாதித்தார். பட்டா கையில் இருக்கிறவன் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை, அந்தச் சேவல்-குதிரை-மாடு யாருக்குச் சொந்தம் என்று அதே வருஷம் சிகாகோவில் நிஜமாகவே வழக்கு நடந்தது. நீதிபதி, இரண்டு தரப்புக்கும் உரிமையில்லை என்று தள்ளிவிட்டார். எனக்குத் தெரிந்து புறம்போக்கு என்று தீர்ப்பான ஒரே பாட்டு அதுதான்.

(இடையில் ஒன்று. 'ஜ', 'ஸ்' இரண்டும் நம் எழுத்தில்லை, 'சாசு' என்று எழுது என்று வருஷத்துக்கு இரண்டு கடிதம் போடும் தனித்தமிழ் அன்பருக்கு: அந்த முதல் இசைத்தட்டில் அவர்களே சொல்லின் கடைசியில் இசட் போடவில்லை, இரண்டு எஸ் போட்டிருந்தார்கள். உங்கள் கட்சிக்கு ஒரு சான்று கிடைத்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் 'சாசு' என்று எழுதினால் எனக்கு அது தீபாவளிக்குச் செய்யும் ஏதோ முறுக்கு வகை மாதிரிதான் படுகிறது.)

உழுதவர்கள் எங்கே என்று கேட்பீர்கள். பட்டி போல்டன் என்று ஒருவர். பெயரைப் பார்த்து மதுரைப் பக்கம் என்று நினைக்க வேண்டாம், நியூ ஆர்லியன்ஸ்காரர். கார்னெட் வாசித்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். 1907-இல் மனநோய் விடுதியில் சேர்த்தார்கள், 1931-இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்ததில் ஒரு நொடிகூட நம்மிடம் இல்லை. மெழுகு உருளை ஒன்றில் பதிந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, உருளைதான் கிடைக்கவில்லை. அப்புறம் ஃப்ரெடி கெப்பார்ட். டிக்ஸிலாண்ட்காரர்களுக்கு முன்பே விக்டர் கம்பெனி இவரைத்தான் கேட்டதாம். தட்டில் போட்டால் என் சரக்கை எல்லோரும் திருடிவிடுவார்கள் என்று மறுத்துவிட்டாராம். விரல் போகும் போக்கை யாரும் பார்க்கக் கூடாது என்று கைமேல் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வாசித்த மனிதர் என்றும் சொல்வார்கள். கதை நிஜமோ பொய்யோ, பத்திரம் எழுதாமல் வாய்ப்பேச்சில் சொத்தை வைத்திருந்த எங்கள் தாத்தா ஞாபகம் வருகிறது. காலவரிசைக்காரர்களின் பட்டியலில் இந்த இரண்டு பேருக்கும் இடம் எங்கே?

சரி, உழுதவன் பெயரில் பத்திரம் ஆன நாளும் உண்டு. 1923 ஏப்ரல், இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட். பியானோ தொழிற்சாலை வளாகத்துக்குள் ஜெனட் கம்பெனியின் பதிவறை, பக்கத்திலேயே ரயில் பாதை. ரயில் வந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். மைக் கிடையாது. சுவரிலிருந்து ஒரு தகரக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் வாயைப் பார்த்து, நியூ ஆர்லியன்ஸ் கறுப்பரான கிங் ஆலிவரின் குழு மொத்தமும் வாசிக்க வேண்டும், அந்த அதிர்வு நேராக மெழுகில் கோடு கிழிக்கும். இரண்டாவது கார்னெட், 21 வயது லூயி ஆம்ஸ்ட்ராங். அவர் ஊதினால் மற்றவர்கள் கேட்கவில்லை என்று அறையின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது எல்லோரும் சொல்லும் கதை. டிரம்ஸ்காரர் பேபி டாட்ஸ் பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும், அதனால் மரக்கட்டையைத் தட்டு என்றார்கள். 'சைம்ஸ் ப்ளூஸ்' கேளுங்கள், ஆம்ஸ்ட்ராங்கின் முதல் தனி வாசிப்பு தட்டில் ஏறியது அதில்தான். ஆனால் அந்தக் காலத்து டிரம்ஸ் என்றாலே கட்டை தட்டுவதுதான் என்று முடிவுகட்டி, அதை ஒரு 'பாணி' என்று உங்கள் நோட்டில் எழுதிவிடாதீர்கள். தட்டில் இருப்பது ஊசியின் கஷ்டம். மூன்று நிமிஷத்தில் பாட்டை முடிப்பதும் அப்படித்தான். 10 அங்குலத் தட்டில் அவ்வளவுதான் இடம். அதே ஆட்கள் ஆட்டக் கூடங்களில் ராத்திரி முழுக்க வாசித்தவர்கள்.

ஜெனட் பற்றி இன்னொன்று. கறுப்பர்களின் ஜாஸைப் பதிந்த அதே ஆலையில், காசு வாங்கிக்கொண்டு கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலுக்கும் தட்டு அடித்துக் கொடுத்தார்கள். முத்திரைத்தாள் கட்டணம் கட்டினால் யார் பெயருக்கும் பதிவார்கள் என்பது அங்கேயும் நடைமுறை.

பதிவு அலுவலகம் பூட்டிக்கிடந்த காலமும் உண்டு. 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், பெட்ரில்லோ என்பவர் தலைமையில், தட்டுக்கு வாசிக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தது. பெரிய கம்பெனிகள் வழிக்கு வர 1944 நவம்பர் ஆயிற்று. பிபாப் என்று, வேகமும் சிக்கலுமான அந்தப் பாணிக்கு நீங்கள் பட்டியலில் ஒரு வரி போடுவீர்களே, அது தவழ்ந்து எழுந்து நடந்ததெல்லாம் இந்தப் பூட்டுக்குள்தான். சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரும் டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் 1943-இல் ஏர்ல் ஹைன்ஸ் குழுவில் ஒன்றாக இருந்தார்கள், அந்தக் குழு ஸ்டுடியோவில் ஒரு தட்டும் போடவில்லை. 1945-இல் பதிவான பார்க்கரின் 'கோ-கோ' வந்து விழுந்தபோது, கேட்டவர்களுக்கு ஏதோ வானத்திலிருந்து குதித்த மாதிரி இருந்தது. பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகு பிறப்புச் சான்றிதழ் வாங்கினால் அப்படித்தான் இருக்கும்.

பார்க்கர் என்றதும் டீன் பெனடெட்டியை விட முடியாது. 1947, 48-இல் இந்த மனிதர் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு பார்க்கர் வாசிக்கும் கிளப்புகளுக்குப் போனார். பார்க்கர் தொடங்கினால் கருவியை ஓடவிடுவார், அவர் நிறுத்தி அடுத்தவர் எடுத்தால் பட்டென்று அணைத்துவிடுவார். 1990-இல் அது ஏழு குறுந்தகடுகளாக வந்தது. கேட்டால் தலை சுற்றும். ஒரு மனிதர் வாக்கியத்தின் நடுவில் ஆரம்பித்து நடுவில் முடிக்கிறார், மறுபடி நடுவில் ஆரம்பிக்கிறார். கிணற்றை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வயலை விட்டுவிட்ட பத்திரம். இருந்தாலும், நான்கு சுவருக்குள் ஒழுங்காகப் பதிந்ததைவிட இதில் பார்க்கர் எனக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

போலிப் பத்திரமும் இருக்கிறது. ட்யூக் எலிங்டன் குழு 1956-இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசித்த கச்சேரியின் தட்டு. ஜூலை 7 ராத்திரி பால் கொன்ஸால்வெஸ் சாக்ஸபோனில் 27 சுற்று நிறுத்தாமல் வாசிக்க, கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டது. பிரச்சினை என்னவென்றால் அவர் வாசித்தது தட்டுக் கம்பெனியின் மைக்குக்கு இல்லை, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்குக்கு. நிகழ்ச்சியின் பெரும்பகுதியை ஸ்டுடியோவில் திரும்ப வாசித்து, கைதட்டலை ஒட்டி, நேரடிக் கச்சேரி என்றே விற்றார்கள். கொன்ஸால்வெஸின் 27 சுற்று அந்த ராத்திரியினுடையதுதான், ஆனால் எங்கோ பக்கத்து அறையில் ஊதுவது போலத்தான் கேட்கும். பிறகு வானொலியின் நாடா கிடைத்து, இரண்டையும் சேர்த்து 1999-இல் உண்மையான கச்சேரியை வெளியிட்டார்கள். நாற்பத்து மூன்று வருஷம்! என் வில்லங்கச் சான்றிதழ் பரவாயில்லை.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' உங்கள் பட்டியலில் எப்படியும் இருக்கும். அதில் சர்வேயர் தப்பு. 1959 மார்ச் 2 பதிவின்போது நாடாக் கருவி கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது, ஆகவே அதைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் தட்டின் முதல் பக்கம் முழுக்க சுருதி சற்றுத் தூக்கலாகவே கேட்கும். 1992 மறுவெளியீட்டில்தான் எல்லைக்கல்லை நகர்த்தினார்கள். ஊசிக்கும் கேபிளுக்கும் லட்சக்கணக்கில் செலவழித்து, பழைய தட்டில்தான் உயிர் இருக்கிறது என்று வாதிடும் என் நண்பரிடம் இதைச் சொன்னேன். எட்டு மாதமாகப் பேசுவதில்லை.

மேடையிலேயே இட்டுக்கட்டிப் பாடும் நம் கற்பனாஸ்வரமும் ஜாஸும் ஒன்றுதானே, நாம் அன்றே செய்துவிட்டோமே என்று அடுத்த வாரம் நிச்சயம் ஒரு கடிதம் வரும், அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நம் வித்வானுக்குக் கீழே ராகம் ஆடாமல் நிற்கிறது, அவர் அதன்மேல் நடக்கிறார். ஜாஸ்காரனுக்குக் கீழே கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகள்) ஓடிக்கொண்டே இருக்கும், ஓடும் பஸ்ஸின் படியில் நின்றுகொண்டு பேச வேண்டும். இரண்டும் கஷ்டம், கஷ்டம் வேறு வேறு. 1975-இல் கிதார்காரர் ஜான் மெக்லாஃப்லின் ஷக்தி என்ற குழுவில் நம் எல். சங்கரோடும் விக்கு விநாயக்ராமோடும் உட்கார்ந்தபோது, யாரும் யாருக்கும் இதெல்லாம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கடம் பேசியது, கிதார் கேட்டுக்கொண்டது.

நீங்கள் கேட்ட கேள்விக்கும் கொஞ்சம் வருகிறேன். வரிசையை விடுங்கள், ஒரே ஒரு சர்வே எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'பாடி அண்ட் சோல்' என்று 1930-இல் வந்த ஒரு காதல் பாட்டு. சாக்ஸபோனில் கோல்மன் ஹாக்கின்ஸ், 1939, முதலில் இதைக் கேளுங்கள். மெட்டைச் சில நொடி காட்டிவிட்டுக் கைவிடுகிறார், அப்புறம் திரும்பிப் பார்ப்பதே இல்லை, அதுவும் மூன்று நிமிஷத்துக்குள். அங்கிருந்து பின்னால் போய் 1930-இல் ஆம்ஸ்ட்ராங் பாடியது. முன்னால் வந்து 1940-இல் பில்லி ஹாலிடே. அப்புறம் 1960-இல் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன், இதில் பியானோ அடியில் ஒரே இடத்தில் நின்று இடித்துக்கொண்டே இருக்கும். 1962-இல் மங்க் தனியாகப் பியானோவில். கடைசியாக 2011-இல் டோனி பென்னட்டோடு ஏமி வைன்ஹவுஸ், அவர் இறப்பதற்கு நான்கு மாதம் முன்பு. ஒரே நிலம், எத்தனை பேர் வேலி என்று நீங்களே எண்ணுங்கள்.

அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், பியானோக்காரர் பில் எவன்ஸ் 1961 ஜூன் 25 ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் வாசித்த ஐந்து அமர்வுகளை முழுசாகக் கேளுங்கள். கண்ணாடி டம்ளர் இடிக்கும், பின்னால் யாரோ சிரிப்பார்கள், காது கொடுத்துக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று படும். பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினோராம் நாள் கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. அன்று முதல் எடுத்துக்கொண்ட பாட்டு அவர் போட்ட மெட்டுதான், 'குளோரியாஸ் ஸ்டெப்'. அதன் நடுவில் கரண்ட் போகிறது. நாடாவில் ஒரு இடைவெளி, பிறகு அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் விஷயத்தில் போனது கரண்ட் இல்லை, சர்வர். வியாழக்கிழமை மறுபடி வரச்சொல்லியிருக்கிறார்கள். டோக்கன் எண் 43.