சோல்மேட் கதைகளை மறுபடி படிக்கலாமா?

கேள்வி: பள்ளி நாட்களில் அமெரிக்க எழுத்தாளர் எல். ஜே. ஸ்மித்தின் ‘நைட் வேர்ல்ட்’ நாவல் வரிசையை விழுந்து விழுந்து படித்தேன். சூனியக்காரிகள், ரத்தக்காட்டேரிகள், தொட்டதும் தெரிந்துவிடும் சோல்மேட், அதாவது விதி சேர்த்துவைக்கும் துணை! இப்போது, 40 வயதை நெருங்கும்போது, மூன்று தொகுதிகளும் கைக்கு வந்திருக்கின்றன. முதல் கதையிலேயே நின்றுவிட்டேன். என் ரசனை மாறிவிட்டதா?

– வாசகி, சேலம்

பதில்: ரசனை மேல் பழி போடாதீர்கள். படிக்கும் முறையில்தான் கோளாறு. இவை 1996 முதல் 1998 வரை ஒன்பது தனிப் புத்தகங்களாக வந்தவை. ஒவ்வொன்றிலும் வேறு ஜோடி. 2008, 2009இல் மும்மூன்றாகச் சேர்த்துத் தொகுதி ஆக்கினார்கள். ஒரே மூச்சில் படித்தால் தொட்டவுடன் மின்சாரம், இருவரையும் கட்டும் வெள்ளி நூல், கூடவே ஒரு முறைப்பு என்று அதே சமாச்சாரம் திரும்பத் திரும்ப வந்து சலித்துவிடும். ஒரு கதை முடிந்ததும் இரண்டு வாரம் வேறு ஏதாவது படியுங்கள்.

முதல் கதையை அப்படியே விட்டுவிட்டு மூன்றாவதான ‘ஸ்பெல்பைண்டர்’ எடுங்கள். பாம்பு கடித்த மனிதப் பையன் எரிக்கை சூனியக்காரி தியா தொட்டுக் குணப்படுத்துகிறாள், பிடித்தது வினை. தங்கள் உலகம் இருக்கும் ரகசியத்தை மனிதரிடம் சொல்லக் கூடாது, மனிதரைக் காதலிக்கக் கூடாது என்பவை இவர்கள் உலகின் இரண்டு சட்டங்கள். ஆனால் கதையைத் தூக்கி நிறுத்துவது காதல் அல்ல. தியாவுக்கும், ஆண்களை ஆட்டிவைக்கும் அவளது ஒன்றுவிட்ட சகோதரி பிளேஸுக்கும் இடையிலான உறவு. சிறு வயதில் இதை வேகமாகப் புரட்டியிருப்பீர்கள். (பிரிட்டன் பதிப்பில் இதே கதைக்குப் பெயர் ‘என்சான்ட்ரஸ்’. பழைய புத்தகக் கடையில் வேறு கதை என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.)

அடுத்து இரண்டாவது, ‘டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னஸ்’. விதி சேர்த்துவைத்த ரத்தக்காட்டேரி ஆஷின் முழங்காலுக்குக் கீழே மனிதப் பெண் மேரி-லினெட் உதைக்கிறாள். கடைசியிலும் உடனே தலையாட்டிவிடாமல், செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடிவிட்டு வா என்று அனுப்பிவைக்கிறாள். எங்கள் கணக்கில் ஒன்பதிலும் இதுதான் உசத்தி.

உறுத்தப்போவது ஆறாவது, ‘சோல்மேட்’. ஹன்னா பள்ளி மாணவி, ரத்தக்காட்டேரி தியரிக்கோ ஆயிரக்கணக்கான வயது. முதல் பிறவியில் அவளைக் கொன்றவனும் அவனே. பூர்வ ஜென்ம பந்தம் என்று சொல்லிவிட்டதால் அவளுக்கு மறுக்கவே இடமில்லை. படித்தே தீர வேண்டுமென்றால், அவள் தானாக முடிவெடுக்கும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். கோடுகள் எவ்வளவு அரிதாக விழுகின்றன என்று பார்த்தாலே உறுத்தலின் காரணம் பிடிபடும்.

கடைசி மூன்றையும் மட்டும் வரிசை மாற்றாமல் படியுங்கள். உலக அழிவைத் தடுக்கும் சக்தி படைத்த நான்கு பேரைத் தேடும் தொடர்கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மூவர்தான் கிடைக்கிறார்கள். நான்காமவரைச் சொல்ல வேண்டிய பத்தாவது புத்தகம் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃபேட்’ பல ஆண்டு தள்ளிப்போய், வெளிவராமலே 2025இல் ஸ்மித் காலமானார். யாராவது விற்கிறேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள்.