திருவள்ளூர்க்காரரைக் கேளுங்கள்

கேள்வி: திருவள்ளூர் என்றால் ரயிலில் தாண்டிப் போகிற ஊர் என்றுதான் தெரியும். ஒருநாள் வந்து பார்க்கிற மாதிரி அங்கே என்ன இருக்கிறது?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: நீங்கள் தாண்டிப் போகிறீர்கள், எங்கள் தண்ணீர் உங்கள் வீட்டுக்கே வருகிறது! கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்துக்கு, அதற்காகப் பாடுபட்ட சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயர்தான். 1996 முதல் கிருஷ்ணா நீரும் ஊத்துக்கோட்டை வழியாக இங்கே வந்து சேர்கிறது.

அணையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். உள்ளே பழங்காலக் கல் ஆயுதங்கள். இந்த ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தை நிலவியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863-ல் கண்டுபிடித்தார்கள். அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் ஆய்வு வெளியானது. நம் மனித இனம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னால் யாரோ இங்கே உட்கார்ந்து கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். அத்திரம்பாக்கத்துக்கே போனால் வெறும் ஓடையும் செம்மண்ணும்தான் கண்ணில் படும். கல் எதையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், சாமி!

கேள்வி: கூவமும் கொசஸ்தலையும் ஒரே ஆறு என்கிறார்களே, நிஜமா?
– வாசகி, ஆவடி

பதில்: பாதி நிஜம். கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலைத் தண்ணீரின் ஒரு பங்கு கூவத்துக்குப் பிரிகிறது. நகரத்துக்குள் போன பிறகு அதன் கதி உங்களுக்கே தெரியும்.

கேள்வி: பூண்டியில் மதகைத் திறந்தால் எங்களுக்கு ஏன் வெள்ள எச்சரிக்கை?
– வாசகர், மணலி புதுநகர்

பதில்: பூண்டியிலிருந்து வெளியேறும் உபரிநீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி, உங்கள் பகுதியை ஒட்டித்தான் எண்ணூரில் கடலுக்குப் போகிறது. உங்கள் தெருவில் வெயில் அடிக்கலாம். ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்திருப்பார்கள். அந்தத் தண்ணீர் முதலில் பள்ளிப்பட்டுக்குத்தான் வரும், பிறகுதான் பூண்டிக்கு. அதனால் மழைக்காலத்தில் பூண்டி நிரம்பும் நிலையில் இருந்தால், பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலம் மூழ்கியதா என்று செய்தியில் பாருங்கள். மூழ்கியிருந்தால் மதகு அறிவிப்புக்குக் காத்திருக்காமல் ரேஷன் கார்டு, பத்திரங்களை மேலே எடுத்து வைத்துவிடுங்கள். அப்புறம் வண்டியை மேட்டில் நிறுத்துங்கள்.