டிரைபாட் இருந்தால் ஆளை இறக்கலாமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் 48 வீடுகள் உள்ள அடுக்ககத்தின் சங்கச் செயலாளர் நான். எங்கள் கழிவுநீர்த் தொட்டி 4 மீட்டர் ஆழம், அதன் வாய் 2 அடிக்கு 2 அடி. அடியில் உள்ள நீர்மூழ்கி மோட்டார் ஓடவில்லை. அதைத் தூக்கும் சங்கிலியும் துருப்பிடித்து அறுந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் டிரைபாட் (தொட்டி வாய்க்கு மேல் நிறுத்தும் மூன்று கால் தாங்கி), வின்ச் (கயிற்றைச் சுற்றி ஆளை இறக்கி ஏற்றும் பொறி), பெல்ட் எல்லாம் கொண்டுவந்து ஒரு ஆளை இறக்குவதாகவும், மோட்டாரை எடுக்கும்போதே அடிச் சகதியையும் அள்ளிவிடுவதாகவும் சொல்கிறார். "பாதுகாப்புக் கருவி இருந்தால் குற்றமே இல்லை, எது நடந்தாலும் என் பொறுப்பு" என்று முத்திரைத்தாளில் எழுதித் தரவும் தயாராக இருக்கிறார். சங்கம் சம்மதிக்கலாமா?

பதில்: இந்த நிலையில் சம்மதிக்காதீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் ஆபத்து.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் 'அபாயகரமான சுத்தம்' செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. பாதுகாப்பு உடையும் கருவியும் கொடுக்காமல், முன்னெச்சரிக்கைகளைக் கடைப்பிடிக்காமல் ஆளை வைத்துச் சுத்தம் செய்வதே அபாயகரமான சுத்தம் என்று அதே சட்டம் பொருள் சொல்கிறது. ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வரியை. ஆனால் அதே ஆண்டு வந்த விதிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எல்லாக் கருவியும் இருந்தாலும், குறிப்பிட்ட சில சூழல்களில் மட்டுமே ஆள் இறங்கலாம் என்று அவை வாசலைக் குறுக்குகின்றன. உடைந்த ஆள்நுழைவு (மேன்ஹோல்) மூடியை எடுப்பது, 300 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள சாக்கடையோடு புதுக் குழாயை இணைப்பது, உறிஞ்சு கிணற்றின் (பம்பு கழிவுநீரை உறிஞ்சும் குழி) அடியில் பொருத்திய நீர்மூழ்கி பம்பை எடுப்பது, ஆள்நுழைவுக் குழியைத் திரும்பக் கட்டுவது ஆகியவை அவற்றில் உண்டு. வேறு வழியே இல்லை என்றால், உள்ளாட்சி அமைப்பின் தலைமை அதிகாரி காரணத்தை எழுதிப் பதிவு செய்து அனுமதித்த பின் இறங்கலாம்.

உங்கள் மோட்டார் வேலை இதில் மூன்றாவது வகைக்குள் வரும் என்று வாதிட இடம் உண்டு. சகதி அள்ளுவது எந்த வகையிலும் வராது. "இறங்கியதுதான் இறங்கினான், அதையும் முடித்துவிடட்டும்" என்று சேர்க்கும் அந்த ஒரு வேலை, உங்களுக்கு இருந்த விதிவிலக்கையும் கெடுத்துவிடும். சகதியை லாரி உறிஞ்சட்டும். மோட்டாருக்காக இறக்குவதாக இருந்தாலும் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்தில் அனுமதி கேட்டு, பதில் வந்த பின் வேலையைத் தொடங்குங்கள்.

முத்திரைத்தாளுக்கு வருவோம். 7-ஆம் பிரிவை மீறினால் முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 5 ஆண்டு, 5 லட்சம். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விடுவதும் நீதிமன்றத்தின் கையில். குற்றம் செய்தது நிறுவனமானால் அதை நடத்துபவர்களே பொறுப்பாளிகள். தனிநபர்கள் சேர்ந்த சங்கமும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். அதாவது தலைவரும் செயலாளரும் நேரடியாக வழக்குக்குள் வருவீர்கள். ஆள் இறந்துவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக 5 ஆண்டு வரை சிறைக்குரிய வழக்கும் சேரும். இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் சேர்க்கப்படுவது உண்டு. இத்தகைய மரணங்களுக்கு இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம்.

குற்றப் பொறுப்பை ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. சட்டம் தடுத்த செயலுக்காக எழுதிய ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. இன்னொன்றையும் யோசியுங்கள். "எது நடந்தாலும்" என்று எழுதி வாங்கிய தாள், ஏதோ நடக்கலாம் என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு அரசுத் தரப்பு காட்டும் சான்றாக மாறிவிடும்.

ஆகவே முதலில் ஆள் இறங்காமல் முயலுங்கள். மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்ச் பெட்டியைப் பூட்டி, சாவியை ஒருவர் பையில் வையுங்கள். நீர்மட்டத்தைப் பொறுத்து இயங்கும் ஃப்ளோட் சுவிட்ச் உள்ள மோட்டாருக்குத் தானாகவே மின்சாரம் பாயக்கூடும். உள்ளாட்சி உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை வைத்துத் தொட்டியை அடிவரை காலி செய்யுங்கள். காலியான பின் மேலிருந்து டார்ச் அடித்தால் மோட்டாரின் கைப்பிடி கண்ணில் படும். நீண்ட கம்பியின் நுனியில் கொக்கி வைத்து, கைப்பிடியில் மாட்டித் தூக்கப் பாருங்கள். சங்கிலி அறுந்த பல மோட்டார்கள் இப்படி வந்துவிடும். 14420 என்ற இலவச எண்ணில் அழைத்தால் கழிவுநீர் அகற்றும் உதவியும் கிடைக்கும்.

இதற்கும் வராவிட்டால் மட்டுமே டிரைபாட் பேச்சு. அது உயரத்திலிருந்து விழுவதைத் தடுக்கும், மயங்கியவரை வெளியே இழுக்கும். காற்றைச் சுத்தம் செய்யாது. கழிவுத்தொட்டியில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது விழுவதல்ல, வாயு. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். 100 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை நெருங்கும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. பல நூறு பி.பி.எம். ஆனால் சில நிமிடங்களில் ஆள் சாய்ந்துவிடுவார். சகதிக்குள் பதுங்கியிருக்கும் வாயு, காலால் கலக்கிய மாத்திரத்தில் வெளியே வரும். "மேலே பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்பதை அதனால்தான் ஏற்கக் கூடாது.

மூடியைத் திறந்து குறைந்தது ஒரு மணி நேரம் விட்டு, ப்ளோயரின் (காற்று ஊதும் பொறி) குழாயை அடிவரை இறக்கிக் காற்று அடிக்க வேண்டும். ஜெனரேட்டர் வைத்தால் அதன் புகை ப்ளோயருக்குள் போகாத தூரத்தில் வையுங்கள். நான்கு வகை வாயுக்களை அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று இடத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள், எரியும் வாயு, வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குக் கீழே, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பி.பி.எம்.முக்குக் கீழே இருக்க வேண்டும். இறங்குபவர் உடம்பிலும் மீட்டர் இருக்கட்டும், ப்ளோயர் கடைசி வரை ஓடட்டும். துணியோ வடிகட்டி முகமூடியோ ஆக்சிஜன் குறைவுக்கு உதவாது. வெளியிலிருந்து காற்று வரும் குழாய் முகமூடி அல்லது முதுகில் சுமக்கும் காற்று சிலிண்டர் வேண்டும்.

டிரைபாடை நீங்களே ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். மூன்று கால்களும் சம நீளத்தில் இழுக்கப்பட்டு ஒவ்வொன்றிலும் பின் மாட்டியிருக்கிறதா, கால்கள் விரியாமல் கீழே சங்கிலியோ பட்டையோ சுற்றியிருக்கிறதா, தலை சரியாகத் தொட்டி வாயின் நடுவில் நிற்கிறதா என்று கவனியுங்கள். டைல்ஸ் மேல் ரப்பர் பாதம், மண் மேல் முள் பாதம். உடைந்த மூடியின் ஓரத்திலோ தட்டையற்ற செங்கல் மேலோ ஒரு கால் நின்றால் போதும், இழுக்கும்போது சாயும்.

வின்ச்சில் 'ஆட்களுக்கு' என்று குறித்திருக்க வேண்டும். கட்டடத்தில் சிமென்ட் தூக்கும் வின்ச்சை டிரைபாடில் போல்ட் போட்டுக் கொண்டுவருவார்கள். அதில் கைப்பிடியை விட்டால் சுமை சரசரவென்று இறங்கும். ஆளுக்கான வின்ச் விட்ட இடத்தில் நிற்கும். எந்தப் பேச்சையும் நம்பாமல், ஆள் எடைக்கு இணையாக மணல் மூட்டையை ஒரு அடி தூக்கி, கைப்பிடியை விட்டுப் பாருங்கள். கம்பிக்கயிற்றைக் கையுறை போட்ட விரல்களுக்கிடையில் முழு நீளத்துக்கும் ஓடவிடுங்கள். ஒரு இழை அறுந்து நூல் போல் குத்தினாலோ, முறுக்கு பிரிந்து கூடு போல் உப்பியிருந்தாலோ அந்தக் கயிறு வேண்டாம். கழிவுத்தொட்டி வாயு கம்பியை வேகமாக அரிக்கும்.

இடுப்பு பெல்ட்டைத் திருப்பி அனுப்புங்கள். அதில் தூக்கினால் மயங்கியவர் இரண்டாக மடிந்து தொங்குவார், 2 அடி வாயில் தலையும் காலும் சேர்ந்து சிக்கும். தோள், மார்பு, தொடை எல்லாம் சுற்றும் முழு உடல் ஹார்னஸ்தான் தேவை, ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தரக் குறியோடு. தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழைய வேண்டும், மடக்கிய கை நுழையக் கூடாது. கயிற்றை முதுகின் மேல்பகுதி வளையத்தில் மாட்டலாம். குறுகிய வாய்க்கு, இரு தோள் வளையங்களிலும் ஒய் வடிவப் பட்டை மாட்டித் தூக்கினால் உடல் நேராக வரும்.

அதிகம் நடக்கும் தவறு ஒரே கயிறு. இறக்கவும் ஏற்றவும் வின்ச் கயிறு ஒன்று, அது அறுந்தால் பிடித்துக்கொள்ளத் தானாகச் சுருளும் உயிர்க்கயிறு இன்னொன்று. இரண்டும் வேண்டும். இன்னொரு தவறு உங்கள் வேலையிலேயே ஒளிந்திருக்கிறது. கீழே போனவர் தன் வின்ச் கொக்கியைக் கழற்றி மோட்டாரில் மாட்டி, "இழுங்க" என்பார். அந்தக் கணத்தில் கனமான இரும்பு அவர் தலைக்கு மேல் போகும், அவரை இழுக்கக் கயிறு இருக்காது. மோட்டாருக்குத் தனிக் கயிறு, தனித் தூக்கி. ஆள் வெளியே வந்த பிறகே மோட்டார் மேலே வரட்டும்.

டிரைபாட் நேர் மேலே மட்டுமே இழுக்கும். தடுப்புச் சுவரைத் தாண்டியோ தளத்தின் அடியிலோ ஆள் நகர்ந்துவிட்டால் கயிறு விளிம்பில் உரசும், இழுத்தால் சுவரில் மோதுவார். மோட்டார் வாய்க்கு நேர்கீழே இல்லை என்றால் இந்த முறையைக் கைவிடுங்கள்.

மேற்பார்வையாளர் உட்படக் குறைந்தது மூன்று பேர் எப்போதும் அங்கே இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஒருவர் கை வின்ச்சிலிருந்து எடுக்கவே கூடாது. கீழே பேச்சு நின்றால் கேள்வி கேட்காமல் சுற்ற வேண்டும். காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதைத் தடுக்கத்தான் இந்தக் கருவியே. 108-க்கும் தீயணைப்புக்கும் (101) யார் அழைப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். வேலை முடியும் வரை 48 வீட்டிலும் கழிப்பறை, குளியலறைத் தண்ணீர் விடக் கூடாது.

ஒப்பந்தக்காரரிடம் முத்திரைத்தாளுக்குப் பதில் இவற்றைக் கேளுங்கள்: இறங்குபவருக்கு விதி கேட்கும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீட்டின் நகல், அவருடைய பயிற்சிச் சான்று, மீட்டரின் அளவுத்திருத்தச் சான்று, வின்ச்சும் ஹார்னஸும் சோதிக்கப்பட்ட தேதி. வேலை நாளில் மூன்று ஆழத்திலும் எடுத்த வாயு அளவை நேரத்தோடு எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ஒன்று குறைந்தாலும் "இறக்க வேண்டாம்" என்று எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, அனுப்பிவிடுங்கள்.

புது மோட்டாரைப் போடும்போது வழிகாட்டிக் குழாயோடும் துருப்பிடிக்காத ஸ்டீல் சங்கிலியோடும் பொருத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை சங்கிலியை மேலிருந்து இழுத்தால் மோட்டார் குழாய் வழியே வழுக்கி ஏறிவரும், யாரும் இறங்கத் தேவையிருக்காது. சங்கக் கூட்டத்தில் இந்தச் செலவை இப்போதே தீர்மானமாக எழுதி வையுங்கள்.