மின்னூல் செய்யக் காசு கொடுக்கும் முன்

கேள்வி: என் நாவலை மின்னூலாக்க ஒரு டிடிபி நிலையத்தில் 6,000 ரூபாய் கொடுத்தேன். கணினியில் நன்றாக இருந்தது. மகளின் போனில் திறந்தால் இரண்டு பக்கமும் வெற்றிடம், நடுவில் வரிக்கு இரண்டு மூன்று சொல்தான். கேட்டால், "உங்க போன் அப்படி" என்கிறார்கள். (கரூர் வாசகி)

பதில்: போன் மேல் தப்பே இல்லை அம்மா. உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். அச்சுப் புத்தகத்துக்கு வைக்கிற மாதிரி ஒவ்வொரு பத்திக்கும் இடமும் வலமும் சென்டிமீட்டர் கணக்கில் ஓரம் வைத்திருப்பார்கள். ஆறேழு சென்டிமீட்டர் அகலத் திரையில் அது பாதியை விழுங்கிவிடும். மின்னூலில் பக்க ஓரத்தை வாசிப்பவரே கூட்டிக் குறைத்துக்கொள்வார். அமேசானின் மின்னூல் வாசிப்பானான கிண்டிலில் அதற்கென்றே அமைப்பு உண்டு. பத்தியின் இட, வல ஓரம் 0 ஆக இருந்தால் போதும். வேலை தெரிந்தவர் சீக்கிரமே சரிசெய்துவிடலாம்.

இலவசமாகத் திருத்தித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீதையும் அவர்கள் தந்த கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் வாங்கித் தர 3,000 கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்தியாவில் அந்த எண் இலவசம். கிண்டிலில் மின்னூல் வெளியிட அது கட்டாயமும் இல்லை.

கேள்வி: முழுப் பணமும் கொடுத்த பிறகு பிடிஎஃப் அனுப்பினார்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையைத் தாண்டிப் போகிறது. ரசீது வாங்கவில்லை.

பதில்: என்ன கோப்பு தருவீர்கள் என்று கேட்கவில்லை, மாதிரி பார்க்கவில்லை, ரசீதும் இல்லை. ஒரு கிலோ கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? வாட்சப் பேச்சும் பணம் அனுப்பிய பதிவும் இருந்தால் அவற்றை வைத்து ஈபப் (EPUB) கோப்பு கேளுங்கள். திரை அகலத்துக்கு ஏற்ப வரி மடங்கும் மின்னூல் வடிவம் அது. அடுத்த முறை முதலில் ஒரு அத்தியாயம் செய்து தரச் சொல்லி, உங்கள் போனில் பார்த்த பிறகு மீதிப் பணம்.

கேள்வி: வேர்டிலிருந்து ஈபப் ஆக்கினால் சில பத்திகள் உள்ளே தள்ளியும் சில ஒட்டியும் நிற்கின்றன. நடுவில் வெற்று வரிகள் வேறு. 9,000 ரூபாய் மென்பொருள் ஒன்று வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. நானும் என் சிறுகதைத் தொகுப்புக்காக அப்படி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். அதே குளறுபடிதான் வந்தது, ஏனென்றால் கோளாறு என் வேர்டு கோப்பில் இருந்தது.

ஸ்பேஸ் தட்டிப் பத்தியைத் தள்ளுவதும் என்டர் தட்டி இடைவெளி விடுவதும் தட்டச்சுப் பொறிக் காலத்துப் பழக்கம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது. ஈபப் கோப்புக்குள் இருப்பது இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல். அது அடுத்தடுத்த ஸ்பேஸ்களை ஒன்றாகச் சுருக்கிவிடும். அவற்றையும் டாப் (Tab) விசை தட்டியதையும் வெற்று வரிகளையும் எல்லாம் நீக்கிவிட்டு, வேர்டில் 'நார்மல்' ஸ்டைலைத் திறந்து பாராகிராஃப் பெட்டியில், முதல் வரியை மட்டும் உள்ளே தள்ளும் 'ஃபர்ஸ்ட் லைன்' தேர்ந்தெடுங்கள். மற்ற ஓரங்கள், பத்திக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளி எல்லாம் 0. ஒரு இடத்தில் மாற்றினால் நாவல் முழுக்க மாறும்.

அப்புறம், எல்லாப் பத்திக்கும் நடுவில் இடைவெளி விட்டால் காட்சி எங்கே மாறுகிறது என்று வாசகருக்குத் தெரியாது. அந்த இடத்தில் மட்டும் மூன்று நட்சத்திரம் வையுங்கள். மின்னூல் செய்பவர் முதல் வரியை எவ்வளவு தள்ளுவது என்று கேட்டால் 1.5 எம் (em) என்று சொல்லுங்கள். 'எம்' என்பது எழுத்தின் அளவோடு சேர்ந்து வளரும் அலகு. பாட்டி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தாலும் பத்தி கெடாது. காலிபர் (calibre) என்ற இலவச மின்னூல் மென்பொருளிலேயே பத்தி இடைவெளியை நீக்கி இந்த அளவு வைக்கிற வசதி இருக்கிறது. 9,000 ரூபாயை நல்ல மெய்ப்புத் திருத்துநருக்குக் கொடுங்கள்.

கேள்வி: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த நாவல் மின்னூலில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது.

பதில்: எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றியதும் ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள்.