கான்ஃபிக் (மென்பொருள் அமைப்பு) கோப்புகள்: கேள்வி பதில்

பெரம்பூர்: அண்ணா, வீட்டில் டெஸ்க்டாப், ஆபீஸில் லேப்டாப், இரண்டும் லினக்ஸ். இரண்டிலும் ஒரே பேஷ் (கட்டளை ஷெல்), விம் (எடிட்டர்) அமைப்புகள் வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: ஹோமில் ஒரு ஃபோல்டர் போட்டு, உள்ளே பேஷுக்கு ஒன்று, விம்முக்கு ஒன்று எனப் பிரித்து, அன்றாடம் தொடும் கோப்புகளை மட்டும் நகர்த்துங்கள். அதை கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைப் பதியும் கருவி) சேர்த்து, குனு ஸ்டோ என்ற கருவியை ஓட்டினால் பழைய இடங்களில் சிம்லிங்க் (அசல் கோப்பைச் சுட்டும் இணைப்பு) போட்டுவிடும். அடுத்த கணினியில் அந்த ரெப்போவை (கிட் தொகுப்பை) குளோன் செய்து (நகலெடுத்து) ஸ்டோ ஓட்டுங்கள். அங்கே ஏற்கெனவே பேஷ் கோப்பு இருந்தால் ஸ்டோ மோதல் என்று நின்றுவிடும். பழையதை வேறு பெயரில் ஒதுக்கி வையுங்கள். எஸ்எஸ்எச் பிரைவேட் கீ (வேறு கணினிகளில் நுழைய உதவும் ரகசியச் சாவி) மட்டும் உள்ளே போகவே கூடாது. கணினிக்கு ஒரு தனிக் கீ.

தண்டையார்பேட்டை: கூகுள் டிரைவ் போதாதா?

பதில்: கோப்பு வந்து சேரும். எந்த வரியை ஏன் மாற்றினோம் என்பது தெரியாது.

கொளத்தூர்: சின்க்திங்?

பதில்: கணினிகளுக்கிடையே நேராகக் கோப்புகளை ஒத்திசைக்கும் நல்ல கருவி. ஆனால் இரு பக்கமும் திருத்தினால் மோதல் நகல் ஒன்று உருவாகும். நீங்கள்தான் உட்கார்ந்து சேர்க்க வேண்டும்.

வண்ணாரப்பேட்டை: டிராப்பாக்ஸ், சார்?

பதில்: மேலே இருவருக்குச் சொன்னதேதான். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

திருவொற்றியூர்: பொது ரெப்போவில் பாஸ்வேர்டு போய்விட்டது. உடனே அழித்துவிட்டேன். சரிதானே?

பதில்: சரியில்லை. பழைய கமிட்டில் (கிட் பதிந்த முந்தைய நிலையில்) அது அப்படியே இருக்கும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், இப்போதே. வரலாற்றை ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியால் சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம். அதற்குள் யாராவது குளோன் எடுத்திருந்தால் அவரிடம் இருப்பதை உங்களால் அழிக்க முடியாது.

ராயபுரம்: ஸ்டோவைப் பரிந்துரைப்பது தவறு. கிட்டில் ஆபீஸுக்கு ஒரு மின்னஞ்சல், வீட்டுக்கு வேறு. ஷேமுவா (chezmoi) என்ற கருவியில் கணினிக்கு ஏற்ப மாறும் டெம்ப்ளேட் உண்டு.

பதில்: ஒரே ஒரு மின்னஞ்சலுக்காகவா? கிட் கான்ஃபிகில் இன்க்ளூட் (வேறு கோப்பைச் சேர்க்கும்) வரி போட்டு, அந்தக் கணினிக்கான கோப்பை ரெப்போவுக்கு வெளியே வையுங்கள்.

ராயபுரம்: என்னிடம் மேக்கும் இருக்கிறது. பாதை, ஷெல் எல்லாமே வேறு.

பதில்: அப்படியானால் நீங்கள் சொல்வது சரி, ஷேமுவாதான். மறைக்க வேண்டியதை ஏஜ் என்ற கருவி கொண்டு என்கிரிப்ட் (மறையாக்கம்) செய்யவும் அதில் வழி உண்டு. ஆனால் ஹோமில் உள்ள கோப்பை நேராகத் திருத்தினால் ரெப்போவுக்குத் தானாகப் போகாது, மறுபடி சேர்க்க வேண்டும். பெரம்பூர் தம்பி இரண்டு லினக்ஸ்தான் வைத்திருக்கிறார். அவருக்கு ஸ்டோ போதும் என்பதில் மாற்றமில்லை.

வியாசர்பாடி: விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகள் இருக்குமிடம்)?

பதில்: என் துறை இல்லை. விண்டோஸ் நிர்வாகம் செய்பவரைக் கேளுங்கள்.

எண்ணூர்: 2023 மிக்ஜாம் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி இரண்டு கணினியும் போயின. இனி என்ன செய்ய?

பதில்: ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு நகல் பாதுகாப்பு ஆகாது. வெளியே பிரைவேட் ரெப்போ ஒன்று வைத்து, திருத்தியதும் புஷ் செய்யுங்கள் (அங்கே அனுப்புங்கள்). பிரைவேட்தானே என்று கீயை அதில் போட்டுவிடாதீர்கள்.