“எங்களுக்கு ஓடுதே!”

அன்புள்ள அக்கா,

மடிவாளாவில் ஒரு பிஜியில் தங்கி டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். ஊர் தென்காசிப் பக்கம், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். யார் வேண்டுமானாலும் கோடைப் பார்த்துத் திருத்தம் அனுப்பலாம் என்கிற ஓப்பன் சோர்ஸில் ஏதாவது செய்யலாம் என்று ஒரு ப்ராஜெக்டைப் பிடித்தேன். சரிசெய்யச் சின்ன இஷ்யூ ஒன்றையும் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் அந்த ப்ராஜெக்டை என் விண்டோஸ் லேப்டாப்பில் ஓட வைக்கவே முடியவில்லை. அதை ஓட்டும் நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) வெர்ஷன் சரியில்லை என்று கண்டுபிடிக்கவே சனி, ஞாயிறு போய்விட்டது. தேவையான எல்லாவற்றையும் ஒரு லினக்ஸ் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கர் வழியாகப் போனால் செட்டப் ஸ்கிரிப்டைப் பார்த்து “அப்படி ஒரு கோப்பே இல்லை” என்கிறது. கோப்பு கண் முன்னால் இருக்கிறது! அதைத் தாண்டினால் டேட்டாபேஸுக்கான போர்ட்டை (கணினிக்குள் ஒரு புரோகிராம் உட்காரும் வாசல் எண்) வேறு ஏதோ புரோகிராம் பிடித்திருக்கிறதாம். ப்ராஜெக்டின் சாட்டில் கேட்டேன். எங்களுக்கு ஓடுதே என்றார்கள்.

இன்னும் படித்துவிட்டு வர வேண்டுமா? அல்லது அந்த செட்டப் பக்கம் முழுவதையும் நானே புதிதாக எழுதிக் கொடுக்கலாமா? ஒரு வரி கோட் கொடுக்காதவன் டாக்குமென்டேஷனில் கை வைத்தால் ஒப்புக்கொள்வார்களா? என் ஆங்கிலத்தை நினைத்தாலும் தயக்கமாக இருக்கிறது.

எஸ்.,
பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

படித்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டால், எங்கெல்லாம் தடுக்கியது என்பது ஒரே மாதத்தில் உங்களுக்கே மறந்துவிடும்.

“எங்களுக்கு ஓடுதே” என்றவர் பொய் சொல்லவில்லை. என்றோ போட்ட நோட், என்றோ எழுதி வைத்த செட்டிங் எல்லாம் அவர் கணினியில் அப்படியே இருக்கின்றன. முதலிலிருந்து இன்ஸ்டால் செய்யும் தேவை அவருக்கு வருவதே இல்லை. நம் ஊரில் வழி கேட்டால் இடித்துப் பல வருஷமான தியேட்டரை அடையாளம் சொல்வார்களே, நீங்கள் சொன்ன அந்த செட்டப் பக்கம், அதாவது ரீட்மீயும் அப்படித்தான் ஆகிவிடுகிறது. அதை வரி வரியாக நம்பிப் படிப்பவர் புதிதாக வருகிறவர் மட்டும்தான். நீங்கள் டெஸ்டர் வேறு. இந்த வாரம் நீங்கள் டெஸ்ட் செய்தது ரீட்மீயை. மூன்று பக் எடுத்திருக்கிறீர்கள்.

அதில் எனக்குப் பிடித்தது அந்தக் காணாமல் போன கோப்பு. விண்டோஸில் வரி முடியும் இடத்தில் இரண்டு எழுத்துகள் வரும், லினக்ஸில் ஒன்றுதான். கோடை இறக்கவும் மாற்றங்களைக் கணக்கு வைக்கவும் உதவும் கிட்டை விண்டோஸில் இயல்பான தேர்வுகளோடு இன்ஸ்டால் செய்தால், ரெப்போவை (ப்ராஜெக்டின் கோப்புகள் இருக்கும் இடம்) இறக்கும்போது அது எல்லா வரிகளின் கடைசியிலும் அந்தக் கூடுதல் எழுத்தைச் சேர்த்துவிடும். ஸ்கிரிப்டின் முதல் வரி, இதை பாஷ் கொண்டு ஓட்டு என்கிறது. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருப்பதால் டாக்கருக்குள் இருக்கும் லினக்ஸ் “பாஷ்” என்ற புரோகிராமைத் தேடாமல், “பாஷும் ஓர் எழுத்தும்” என்ற புரோகிராமைத் தேடுகிறது. இல்லை என்று சொன்னது அதைத்தான், உங்கள் கோப்பை அல்ல. ப்ராஜெக்டைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்கள் மேக்கிலோ லினக்ஸிலோ இருந்தால் இந்த எரரை ஆயுளுக்கும் பார்க்க மாட்டார்கள். ரெப்போவில், கிட்டுக்கான விதிகளை எழுதும் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில், ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எப்போதும் லினக்ஸ் வரி முடிவுதான் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அதன்பின் ரெப்போவைப் புதிதாக க்ளோன் செய்து இறக்குகிறவர்களுக்குத் தொல்லை இல்லை.

நோட் விஷயம் எளிது. என்விஎம்ஆர்சி என்ற கோப்பில் வெர்ஷன் எண்ணை எழுதி வைத்தால், நோட் வெர்ஷனை மாற்றித் தரும் என்விஎம் கருவி இருக்கும் மேக்கிலும் லினக்ஸிலும் ‘என்விஎம் இன்ஸ்டால்’ என்று தட்டியதும் அதே வெர்ஷன் வந்துவிடும். போர்ட் சிக்கலுக்குக் காரணம், காலேஜ் நாளில் போட்ட போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இன்னும் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதாக இருக்கலாம். அது வழக்கமாக 5432 என்ற போர்ட்டில்தான் உட்காரும். அந்த எண்ணை மாற்றிக்கொள்ள வழி விட்டு, ரீட்மீயில் ஒரு வரி சொன்னால் தீர்ந்தது.

டாக்கர் போட்டால் செட்டப் கவலையே இல்லை என்று 2013இல் அது வந்த நாளிலிருந்து சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 8 ஜிபி லேப்டாப்பில் டாக்கரையும் எடிட்டரையும் பிரவுசரையும் சேர்த்துத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வழியாக டாக்கரை ஓட்டும்போது ரெப்போவை சி டிரைவில் வைத்தால் கோப்பைப் படிப்பதே ஆமை வேகம். லினக்ஸ் பக்கத்து ஹோம் டைரக்டரியில் வைக்க வேண்டும். இதையும் ரீட்மீயில்தான் சொல்ல வேண்டும்.

பக்கம் முழுவதையும் புதிதாக எழுதாதீர்கள். அவ்வளவு பெரிய புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) வந்தால் ஒவ்வொரு வரியையும் யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்படியே கிடக்கும். அந்த வரி முடிவு மாற்றத்தை மட்டும் முதலில் அனுப்புங்கள். தட்டிய கமாண்ட், வந்த எரர், செய்த மாற்றம், இவ்வளவு எழுதினால் போதும். எரரை ஸ்கிரீன்ஷாட்டாகப் போடாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். அடுத்து மாட்டிக்கொள்கிறவர் அதைத்தான் தேடுவார். இதற்கு என்ன பெரிய ஆங்கிலம் வேண்டும்? வாசிக்கிறவரும் பிரேசிலிலோ ஜப்பானிலோ இருந்துகொண்டு உங்களைப் போலவே ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுகிறவராக இருக்கலாம்.

கோட் எழுதாதவன் என்றீர்கள். 2010இல் ஓப்பன் ஆஃபீஸிலிருந்து பிரிந்தது லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச ஆஃபீஸ் மென்பொருள். அதன் மூலக்கோட் ஸ்டார்டிவிஷன் என்ற ஜெர்மன் கம்பெனியில் பிறந்தது. அதனால் உள்ளே விளக்கத்துக்காக எழுதி வைத்திருந்த கமென்ட்டுகளில் ஏராளமானவை ஜெர்மனில். ஜெர்மன் தெரிந்த தன்னார்வலர்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். புரோகிராம் அதனால் ஒரு துளியும் மாறவில்லை, ஆனால் ஜெர்மன் தெரியாதவர்களும் உள்ளே வர முடிந்தது.

முதல் மாற்றம் உள்ளே போனபிறகு ஒன்று கேட்டுப் பாருங்கள். செட்டப் கமாண்டுகளை ஒரே ஸ்கிரிப்டாக்கி, ஸ்கிரிப்டுகளைத் தானாக ஓட்டிப் பார்க்கும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் வாரம் ஒருமுறை ஓட விடலாமா என்று. ஒவ்வொரு முறையும் வெற்று மெஷினில் தொடங்குவதால், ஏதாவது உடைந்தால் புதியவருக்கு முன்பே மெயின்டெய்னருக்குத் தெரியும். ஆனால் லினக்ஸ் மெஷினில் மட்டும் ஓட விட்டால் உங்கள் வரி முடிவுச் சிக்கல் அதில் மாட்டாது. அதற்கு மனிதர்தான் வேண்டும். பிஜியில் அறைத்தோழர் இருந்தால் அவர் லேப்டாப்பில் ரீட்மீயைத் திறந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்கக் கூடாது. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் வரப் பத்துப் பதினைந்து நாள் ஆகலாம். பெரும்பாலும் சொந்த வேலை போக மிஞ்சிய நேரத்தில் பார்க்கிறவர்கள். அதற்கும் மேல் போனால் அதே புல் ரிக்வெஸ்டில் ஒரு வரி போட்டு ஞாபகப்படுத்துங்கள். தனிச் செய்தி அனுப்பித் துரத்த வேண்டாம்.

அன்புடன்,
அக்கா