சொகுசுக் கப்பலிலிருந்து கடலில் விழுபவர்கள்: ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரியின் கேள்வி பதில்

சரக்குக் கப்பல்களில் பத்தொன்பது ஆண்டுகளும் பயணிகள் கப்பல்களில் ஏழு ஆண்டுகளும் தள அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கப்பலிலிருந்து யாரேனும் கடலில் விழுந்த செய்தி வரும்போதெல்லாம் நண்பர்கள் என்னிடம் ஏறக்குறைய அதே கேள்விகளையே கேட்கிறார்கள். இம்முறை அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாக எழுதியிருக்கிறேன்.

கயல்விழி, கோயம்புத்தூர்: கப்பலின் ஓரத்தில் அவ்வளவு உயரமான கம்பித் தடுப்பு இருக்கும்போது ஒருவர் எப்படித் தவறி விழ முடியும்? இப்படி எத்தனை பேர் விழுகிறார்கள்?

தடுப்பின் அருகில் நிற்பதாலோ, கப்பல் ஆடுவதாலோ, வழுக்குவதாலோ எவரும் விழுவதில்லை என்றே சொல்லிவிடலாம். அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் கப்பல்களுக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டம், தடுப்பு குறைந்தது 42 அங்குலம், அதாவது ஏறக்குறைய 107 செண்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது. வளர்ந்த ஒருவருக்கு அது இடுப்புக்கு மேலே வரும். ஆகவே விழுபவர்களில் பெரும்பாலோர் அதன் மீது ஏறியவர்கள், உட்கார்ந்தவர்கள், அளவுக்கு மீறிக் குனிந்தவர்கள், அடுத்த அறையின் பால்கனிக்குத் தாவ முயன்றவர்கள், அல்லது தாமாகவே குதித்தவர்கள். இவற்றில் பலவற்றின் பின்னணியில் மது இருக்கிறது. அதே கப்பலில்தான் அந்த மது நள்ளிரவு தாண்டியும் விற்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எண்ணிக்கையையும் கேட்டிருந்தீர்கள். சொகுசுக் கப்பல் நிறுவனங்களின் சங்கத்துக்காகத் தயாரிக்கப்பட்ட ஓர் அறிக்கையின்படி, 2009 முதல் 2019 வரை பயணிகளும் ஊழியர்களுமாக 212 பேர் விழுந்த நிகழ்வுகள் பதிவாகின. அவற்றில் 48 பேர் மீட்கப்பட்டனர். 2019இல் மட்டும் ஏறக்குறைய மூன்று கோடிப் பேர் இத்தகைய கப்பல்களில் பயணம் செய்தார்கள் என்பதோடு ஒப்பிட்டால் விழுவது மிக அரிது. ஆனால் விழுந்தவர்களில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவில்கூட உயிருடன் திரும்பவில்லை என்பதுதான் என்னை உறுத்தும் கணக்கு.

சாமுவேல், நாகர்கோவில்: விழுந்ததும் கப்பலை நிறுத்திவிட்டால் போதாதா? ஏன் வட்டமடிக்கிறார்கள்?

மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் செல்லும் கப்பல் ஒரு நிமிடத்தில் 600 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அந்த உருவத்தைப் பேருந்தைப் போல நிறுத்த முடியாது. வேகம் தணிந்து நிற்பதற்குள் அது பல நூறு மீட்டர் தாண்டியிருக்கும், அங்கிருந்து திரும்பியும் வர வேண்டும்.

விழுந்ததைப் பார்த்தவுடன் பிரிட்ஜ் எனப்படும் கப்பலைச் செலுத்தும் அறையில் இருக்கும் அதிகாரி முதலில் சுக்கானை விழுந்தவர் இருக்கும் பக்கமாகவே முழுவதும் திருப்புவார். கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் அணியம் எனப்படும் கப்பலின் முன்முனை அந்தப் பக்கம் திரும்பும்போது, அமரம் எனப்படும் பின்முனை எதிர்ப்பக்கம் விலகிப் போகும். அங்கேதான் உந்துவிசிறிகள் இருக்கின்றன. உங்கள் ஊர் வள்ளக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அதே நேரத்தில், தானே எரியும் விளக்கும் குறைந்தது பதினைந்து நிமிடம் புகை எழுப்பும் கருவியும் பொருத்திய மிதவை வளையம் பிரிட்ஜின் பக்கவாட்டிலிருந்து கடலில் விடப்படும். அது விழுந்தவரின் கைக்கு எட்டாவிட்டாலும், கடலில் ஓர் அடையாளமாக நிற்கும். அதே நீரோட்டத்தில் அவரைப் போலவே நகரவும் செய்யும். மூன்று நீண்ட சங்கொலிகள் எழுப்பப்படும். பல கப்பல்களில் ஒலிபெருக்கியில் ‘ஆஸ்கர்’ என்று மூன்று முறை அறிவிப்பார்கள். சர்வதேசக் கொடிக் குறியீட்டில் சிவப்பும் மஞ்சளுமான ஆஸ்கர் கொடிக்கு ஆள் கடலில் விழுந்தார் என்று பொருள்.

பிறகுதான் நீங்கள் கேட்ட வட்டம். அதற்கு வில்லியம்சன் திருப்பம் என்று பெயர். விழுந்தவர் பக்கமாகச் சுக்கானைத் திருப்பி, கப்பலின் திசை 60 பாகை விலகியதும் எதிர்ப்பக்கம் முழுவதும் திருப்பினால், கப்பல் ஒரு பெரிய கொக்கியைப் போல வளைந்து, தான் வந்த அதே தடத்தில் எதிர்த்திசையில் வந்து சேரும். இரவிலும் மூடுபனியிலும், விழுந்த இடம் சரியாகத் தெரியாதபோதும் இதுவே கைகொடுக்கும். பார்த்தவுடன் திரும்ப முடிகிற நிலையில் ஒரே பக்கமாகச் சுழன்று வரும் வேறொரு திருப்பம் இதைவிட விரைவானது.

பயிற்சிக்காக ஆரஞ்சு நிற பொம்மை ஒன்றைக் கடலில் போடுவோம். பகல் வெளிச்சம், அமைதியான கடல், எங்கே போட்டோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் இரண்டாவது நிமிடத்தில் அது எங்கே என்று கேட்டு நாங்கள் விழித்த நாள்கள் உண்டு. அலைகளுக்கு நடுவே மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுக்குத்தான் தெரியும்.

முபாரக், காயல்பட்டினம்: விழுந்தவர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும்?

முதலில் விழுதலையே தாண்ட வேண்டும். 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தண்ணீரில் மோதுகிறார். அந்த வேகத்தில் தண்ணீர் மென்மையாக இருப்பதில்லை. அதைத் தாண்டியவருக்கு நீரின் வெப்பநிலைதான் விதி. அலாஸ்கா போன்ற குளிர்ந்த கடலில் விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு தன்னிச்சையாக இரைக்கும்; அப்போது தலை நீருக்குள் இருந்தால் அதுவே முடிவாகிவிடும். அதற்கடுத்த சில நிமிடங்களில் கைகால்கள் சொன்னபடி கேட்பதை நிறுத்திவிடும். உடல் முழுவதும் குளிர்ந்து நினைவிழப்பது அதற்கும் பிறகே.

வெப்பமான கடலில் நிலைமை வேறு. 2022 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து புறப்பட்ட கார்னிவல் வேலர் கப்பலில் 28 வயதுப் பயணி ஒருவர், இரவு பதினொரு மணியளவில் மதுக்கூடத்திலிருந்து கழிவறைக்குச் செல்வதாகச் சொல்லிப் போனவர் திரும்பவில்லை. மறுநாள் நண்பகலில்தான் அவருடைய சகோதரி கப்பலிடம் தெரிவித்தார். பிற்பகலில் கடலோரக் காவல் படைக்குத் தகவல் போனது. இரவு எட்டு மணிக்குப் பிறகு கிரினிஸ் என்ற சரக்குக் கப்பலின் மாலுமிகள் அவர் கையசைப்பதைப் பார்த்தார்கள். ஹெலிகாப்டர் வந்து தூக்கிச் சென்றது. பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் உயிர்காப்பு அங்கி இல்லாமல் மிதந்திருக்கிறார். 2018 ஆகஸ்டில் ஏட்ரியாட்டிக் கடலில் நார்வீஜியன் ஸ்டார் கப்பலிலிருந்து விழுந்த 46 வயது பிரிட்டிஷ் பெண், பத்து மணி நேரத்துக்குப் பிறகு குரோஷிய ரோந்துக் கப்பலால் மீட்கப்பட்டார். குளிர் தெரியாமலிருக்கப் பாடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

இவை விதிவிலக்குகள் என்பதை மறந்துவிடக் கூடாது. முதல் நிகழ்வை நான் விரிவாகச் சொன்னதற்குக் காரணம் அந்த மனிதரின் மன உறுதி மட்டுமன்று; அவர் இல்லை என்பதை அந்தக் கப்பல் அறிந்துகொள்ள எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதும்தான்.

வெங்கடேசன், திருச்சிராப்பள்ளி: இத்தனை கேமராக்கள் இருந்தும் விழுந்தவுடன் ஏன் மணி அடிப்பதில்லை?

நீங்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலான கேமராக்கள் பதிவு செய்பவை, கவனிப்பவை அல்ல. ஆள் காணவில்லை என்று தெரிந்த பிறகு பல மணி நேரப் பதிவைப் பின்னோக்கி ஓட்டி, விழுந்த நொடியைக் கண்டுபிடித்து, அந்த நொடியில் கப்பல் எங்கே இருந்தது என்று கணக்கிடுவதற்குத்தான் அவை பயன்படுகின்றன. ஒரு மணி நேரம் தாமதித்தால் கப்பல் 37 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். தேட வேண்டிய பரப்போ மணிக்கு மணி பன்மடங்காக விரியும்.

தானாகவே கண்டறியும் கருவிகள் இருக்கின்றன. ரேடாரும் வெப்பக் கேமராவும் சேர்ந்து, கப்பலின் பக்கவாட்டில் விழுவது மனிதனா, பறவையா, யாரோ வீசிய துண்டா என்று பிரித்தறிய முயல்கின்றன. இவற்றுக்கான சர்வதேசத் தரநிலை 2020இல் வெளியாகிவிட்டது. நான் முன்பு சொன்ன 2010ஆம் ஆண்டுச் சட்டமும், விழுபவரைப் படம்பிடிக்கும் அல்லது கண்டறியும் தொழில்நுட்பத்தை, அது கிடைக்கும் அளவுக்குப் பொருத்த வேண்டும் என்கிறது. அந்த ‘கிடைக்கும் அளவுக்கு’ என்ற சொற்களுக்குள்தான் பல நிறுவனங்கள் பல ஆண்டுகளாகக் குடியிருக்கின்றன. உப்புக்காற்றிலும் அலைத் தெறிப்பிலும் பொய் எச்சரிக்கைகள் எழுகின்றன என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. நீர்ச்சறுக்குக் கோபுரங்களுக்கு இடமும் பணமும் ஒதுக்க முடிந்தவர்கள் சொல்லும் வாதம் என்பதால் எனக்கு அது முழுமையாகச் செரிப்பதில்லை.

2023 ஜூலை இறுதியில் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் திரும்பிக்கொண்டிருந்த ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் கப்பலிலிருந்து 64 வயது இந்தியப் பெண்மணி ஒருவர் விழுந்தபோது, கப்பலின் கண்டறியும் அமைப்பு எச்சரித்தது. ஆயினும் அவரை உயிருடன் மீட்க முடியவில்லை. கருவி நேரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

பெயர் வெளியிட விரும்பாதவர், சென்னை: கடுமையாகக் கேட்பதற்கு மன்னியுங்கள். குடித்துவிட்டு விழுபவருக்காக நாலாயிரம் பேரின் பயணம் ஏன் தாமதமாக வேண்டும்?

கப்பலுக்குள்ளேயே இந்தக் கேள்வி என் காதில் விழுந்திருக்கிறது. முதல் அரை மணி நேரம் பயணிகள் தடுப்போரம் நின்று பிரார்த்திப்பார்கள். மூன்றாவது மணி நேரத்தில், நாளைய துறைமுகத்துக்குப் போவோமா, பணம் திரும்பக் கிடைக்குமா என்று வரவேற்பு மேசையில் வரிசை நிற்கும். இரண்டும் அதே மனிதர்கள்தான். இதில் வில்லன்கள் யாருமில்லை. முகம் தெரியாத ஒருவருக்காக நெடுநேரம் கவலைப்பட நமக்குப் பயிற்சி இல்லை.

உங்கள் கேள்விக்கு நேரான விடை: கடலில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கையின் 98ஆம் பிரிவும் கடலில் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையும் விதிக்கும் கடமை. அவர் குடித்திருந்தாரா, குதித்தாரா என்று அதில் எங்கும் கேட்கப்படவில்லை.

விளையாட்டாகச் செய்பவர்களை நானும் ஆதரிக்கவில்லை. 2019 ஜனவரியில் நசாவ் துறைமுகத்தில் நின்றிருந்த சிம்பொனி ஆஃப் தி சீஸ் கப்பலின் பதினோராவது தளத்திலிருந்து ஓர் இளைஞர் நண்பர்களின் சிரிப்பொலிக்கு நடுவே குதித்து, அந்தக் காணொளியை வெளியிட்டார். அந்த நிறுவனம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. அது போதுமான தண்டனை என்றே நினைக்கிறேன்.

ஆனால் நம் தீர்ப்புகள் பெரும்பாலும் உண்மைக்கு முன்பே வந்துவிடுகின்றன. 2025 ஜூனில் பஹாமாஸிலிருந்து ஃபோர்ட் லாடர்டேல் திரும்பிக்கொண்டிருந்த டிஸ்னி ட்ரீம் கப்பலின் நான்காம் தளத்திலிருந்து ஐந்து வயதுச் சிறுமி விழுந்தாள்; தந்தை உடனே குதித்தார்; கப்பலின் மீட்புப் படகு இருவரையும் அரை மணி நேரத்துக்குள் தூக்கியது. அன்றிரவே, புகைப்படத்துக்காகத் தந்தைதான் குழந்தையைத் தடுப்பின் மீது ஏற்றி வைத்தார் என்று பல லட்சம் பேர் படித்துத் திட்டித் தீர்த்தார்கள். பக்கச்சுவரில் இருந்த திறப்பருகே கம்பியில் அமர்ந்திருந்த குழந்தை நிலைதடுமாறி விழுந்தது என்பதே விசாரணையில் தெரியவந்தது.

தாமரைச்செல்வி, மதுரை: அப்படியானால் நாமும் அந்தத் தந்தையைப் போலக் குதிக்கலாமா, ஐயா?

கூடாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் பிள்ளை என்றால் நானும் யோசித்திருக்க மாட்டேன். ஆயினும் குதிப்பவர், தேட வேண்டிய ஆளை ஒன்றிலிருந்து இரண்டாக்குகிறார். கூவுங்கள், எந்தப் பக்கம் என்று சேர்த்துக் கூவுங்கள். மிதக்கக்கூடிய எது அருகில் இருந்தாலும் எறியுங்கள். பிறகு கையை நீட்டி அவரைச் சுட்டிக்காட்டியபடியே நில்லுங்கள். கண்ணை எடுக்காதீர்கள். கைப்பேசியில் படம் பிடிப்பதற்காகவோ, அதிகாரிக்கு விளக்குவதற்காகவோகூடத் திரும்பாதீர்கள். கப்பல் திரும்பும்போது உங்கள் கையும் அவரை நோக்கியே திரும்ப வேண்டும். மீட்புப் படகு ஐந்து நிமிடத்துக்குள் இறக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எங்கே போக வேண்டும் என்பதை அந்தப் படகுக்கு உங்கள் விரல்தான் சொல்லும்.

வழக்கறிஞர் ஒருவர், திருநெல்வேலி: குடும்பத்தார் இழப்பீடு பெற முடியுமா?

கப்பல் பஹாமாஸிலோ பனாமாவிலோ பதிவாகியிருக்கும். விழுந்த இடம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலாக இருக்கும். பயணச்சீட்டின் சிறு எழுத்துகள் மயாமி நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும் என்னும். அத்தகைய நிபந்தனை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991லேயே தீர்ப்பளித்துவிட்டது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் நேரும் மரணங்களுக்கு 1920ஆம் ஆண்டின் சட்டமே அங்கு பொருந்துகிறது. அது பண இழப்பை மட்டுமே கணக்கில் எடுக்கும். சம்பாதிக்காத குழந்தையும் ஓய்வு பெற்ற முதியவரும் அந்தக் கணக்கில் ஏறக்குறைய சுழியம். விமான விபத்துகளுக்கு 2000இல் இதைத் திருத்தினார்கள். கப்பல் பயணிகளுக்குத் திருத்தவில்லை.

பிரான்சிஸ், தூத்துக்குடி: என் தம்பி சொகுசுக் கப்பல் ஒன்றின் சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறான். ஊழியர்களும் விழுவதுண்டா?

உண்டு. மேலே சொன்ன 212இல் அவர்களும் அடக்கம். செய்தியில் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கும். மாதக்கணக்கில் விடுப்பின்றி, ஜன்னலில்லாத அறையில், வீட்டை விட்டு விலகி வாழும் வேலை அது. தம்பி துறைமுகத்தில் இறங்கி அழைக்கும்போது பணம் பற்றி மட்டும் பேசாமல் தூக்கம் வருகிறதா என்றும் கேளுங்கள். மனம் தளர்ந்திருப்பதாகத் தோன்றினால், இந்தியாவிலிருந்து 14416 என்ற இலவச எண்ணில் நீங்களே ஆலோசனை கேட்கலாம்.

2018 ஜூன் 30 அன்று கியூபாவுக்கு வடக்கே நார்வீஜியன் கெட்அவே கப்பலிலிருந்து 33 வயது ஊழியர் ஒருவர் விழுந்தார். அவருடைய கப்பலும் கடலோரக் காவல் படையும் தேடியும் அகப்படவில்லை. மறுநாள், 22 மணி நேரம் கழித்து, போட்டி நிறுவனத்தின் கார்னிவல் குளோரி அந்த வழியாகப் போனது. அதில் இருந்தவர்கள் தண்ணீரில் அவரைப் பார்த்துப் படகை இறக்கினார்கள். உயிரோடிருந்தார், பேசும் நிலையில் இருந்தார்.